ஆக்சிலேட்டர் மிதித்தால் 'டொக்' சத்தமா? எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

முதல் கியரில் கிளட்சை விட்டு வண்டியை நகர்த்தும்போது முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். ஓட்டத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் இன்னொன்று, காலை எடுத்தால் மறுபடியும் ஒன்று. ஒரே சீராகப் போனால் ஒன்றுமே இல்லை. இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் பாதத்துக்கு அடியில் யாரோ கட்டையால் இடிப்பது போலவே ஆகிவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஐடிலில் விட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் மேல் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். அரை நிமிடம்கூட இருக்காது. "ராடு பேரிங் போயிடுச்சு சார். இப்படியே ஓட்டினா ராடு பிளாக்கை உடைச்சுக்கிட்டு வெளிய வந்துடும்" என்றார். வண்டியை ஓட்டிப் பார்க்கவே இல்லை. நான் ரொம்பவே பயந்துவிட்டேன். ராடு என்பது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு, அது சுழலும் இடத்துத் தாங்கிதான் ராடு பேரிங், பிளாக் என்பது எஞ்சினின் உடல். ராடு பேரிங் உண்மையிலேயே போனால் அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் மறுபேச்சு பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான்கு நாள் கழித்து வண்டி வந்தது. பேரிங் செட், கேஸ்கட், ஆயில், ஃபில்டர், கூலி என்று பில்லில் எல்லாம் இருந்தது. பழைய பேரிங்கைக் கேட்டேன். குப்பையில் போட்டாச்சு என்றார்கள். தெருமுனை திரும்புவதற்குள் அதே 'டொக்'. திரும்பிப் போய்ச் சொன்னதற்கு, "புது பேரிங் செட் ஆகணும் சார், ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சத்தம் போடும் பேரிங் ஓட ஓடச் சரியாகாது, மோசமாகத்தான் ஆகும். அப்போது எனக்கு இது தெரியாது. 500 ஓட்டினேன்.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர். அவர் முதலில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். நிறுத்தியதும் நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி விடச் சொன்னார். சத்தம் இல்லை. "பேரிங் சத்தம்னா இங்கேயே கேட்டிருக்கணுமே" என்றார். ராடு பேரிங் தேய்ந்தால் அந்தக் கனமான இடி எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து வேகமெடுக்கும்; கியர் போடாமல் ரேஸ் செய்து விடும்போதே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆயில் பிரஷரும் குறையும், வடித்த ஆயிலில் உலோகத் தூள் மின்னும். என் வண்டியில் சத்தம் எஞ்சின் சுற்றோடு போகவில்லை, இழுவை மாறும் நொடியில் மட்டும் வந்தது.

அடுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலாலும் பிரேக்கை அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாகப் பாதி விடச் சொன்னார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். (இதைச் செய்யும்போது வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது.) எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்ந்தது, 'டொக்'. அவ்வளவுதான், விஷயம் தெரிந்துவிட்டது. ஃபிரண்ட் வீல் டிரைவ் வண்டிகள் பலவற்றில் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு சின்ன எலும்பு வடிவத் துண்டு இருக்கும், டார்க் ராடு என்பார்கள். அதன் ரப்பர் புஷ் முழுக்கக் கிழிந்து, உலோகம் உலோகத்தில் மோதிக்கொண்டிருந்தது. அதை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

லிஃப்டில் வண்டி மேலே இருக்கும்போதுதான் அவர் டார்ச் அடித்து இன்னொன்றைக் காட்டினார். ராடு பேரிங்கை மாற்ற வேண்டுமானால் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றாமல் முடியாது. என் சம்ப்பின் போல்ட் தலைகளில் பல வருஷத்து ஆயிலும் தூசியும் சேர்ந்து கருப்பாக இறுகிக் கிடந்தன. சம்ப்பும் பிளாக்கும் சேரும் கோட்டின் மேல் அதே அழுக்கு எங்கும் விரிசல் விடாமல் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடம் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டில் மட்டும். ஆயிலை மாற்றியிருக்கிறார்கள். எஞ்சினைத் திறக்கவே இல்லை. விரலால் அந்த அழுக்கைச் சுரண்டிப் பார்த்தபோது என் கை நடுங்கியது.

உங்கள் வண்டியில் காரணம் வேறாகவும் இருக்கலாம். மேடு ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போல் வந்தால் அது பெட்ரோல் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது): ஆக்டேன் குறைந்த பெட்ரோல், உள்ளே படிந்த கார்பன், இக்னிஷன் டைமிங், எஞ்சின் சூடு என்று அந்த வழியில் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்றால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட்டைச் சந்தேகப்படுங்கள். தகரம் அதிரும் சத்தம் பெரும்பாலும் சைலன்சர் பக்கத்து வெப்பத் தடுப்புத் தகடுதான். நியூட்ரலில் ரேஸ் செய்யும்போதே கனமாக இடித்தாலோ ஆயில் விளக்கு எரிந்தாலோ மட்டும் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், எஞ்சினை நிறுத்தி வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

அந்த அழுக்கைப் படம் எடுத்துக்கொண்டு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் மறுத்தார்கள், பிறகு முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

எஞ்சினைத் திறக்கிறோம் என்று யாராவது சொன்னால், உங்களோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். அப்படியே சம்ப் போல்ட் இரண்டின் மேல், போல்ட்டையும் சம்ப்பையும் சேர்த்து ஒரு சின்னப் பெயின்ட் கோடு போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றிப் பூட்டினால் அந்தக் கோடு பழையபடி பொருந்துவது கஷ்டம்.