டாட்சன் 240இசட்: அகல வீலுக்கு ஃபைபர் ஃபிளேரா, தகட்டு ஃபிளேரா?

என் டாட்சன் 240இசட் நிஸானின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதன் பின் வீல் ஆர்ச் இரண்டையும், அதாவது வீலுக்கு மேல் வளைந்து நிற்கும் தகட்டை, துரு தின்றிருந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தே ஆக வேண்டும் என்றானதும், அந்த வேலையோடு வேலையாக அகல வீலும் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். மூன்று வழி இருந்தது. ஃபெண்டரின் உள்மடிப்பை மட்டும் தட்டிப் படியவைத்து 7 இன்ச் வீலோடு நின்றுகொள்வது ஒன்று. ஃபைபர் ஃபிளேரை, அதாவது ஆர்ச்சை வெளிப்பக்கம் அகலமாக்கும் வளைவுத் துண்டை, போல்ட் போட்டு மாட்டுவது இன்னொன்று. தகட்டையே இழுத்து ஃபிளேராக அடித்து வெல்டிங் வைப்பது மூன்றாவது. நான் எடுத்தது ஃபைபர். இப்போது கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

கம்பெனி கொடுத்த வீல் 14 இன்ச், அகலம் வெறும் நாலரை இன்ச், அதன் மேல் 175 மி.மீ. அகல டயர். 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு இது போதாது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆர்ச் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு முதல் வழியே சரி. 15க்கு 7 வீல் (விட்டம் 15 இன்ச், அகலம் 7), ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் தள்ளியிருக்கும் அளவு) பூஜ்யம், 205/60-15 டயர். டயரின் மொத்த விட்டம் சுமார் 627 மி.மீ.; கம்பெனி டயர் சுமார் 636. ஸ்பீடோமீட்டரும் பெரிதாக ஏமாற்றாது, நாளைக்கே பழைய வீலை மாட்டிக்கொள்ளவும் முடியும். செலவும் குறைவு. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கும் மேல் அகலம் வேண்டும் என்றால்தான் சிக்கல். பின்பக்கம் உள்ளே இடம் கிடையாது; ஸ்ட்ரட்டில் (ஷாக் அப்சார்பரும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த தூண்) ஸ்ப்ரிங் உட்காரும் தட்டு டயரை முட்டும். 7 இன்ச் வீலில் ஆஃப்செட் பூஜ்யம் என்றால் ஹப் முகத்திலிருந்து உள்ளே 89 மி.மீ., வெளியே 89. நான் போட்டது 16க்கு 8, ஆஃப்செட் மைனஸ் 10. உள்ளே 92, வெளியே 112. அதாவது கூடிய அகலம் கிட்டத்தட்ட முழுக்க வெளியே வருகிறது. கம்பெனி ஆர்ச்சுக்குள் அது அடங்காது. டயர் 225/50-16, விட்டம் 631, அதனால் கியரிங் மாறவில்லை. 15 இன்ச்சில் 225/50 போட்டால் விட்டம் 606-க்கு இறங்கிவிடும். அந்த அளவில் சாலை டயரைத் தேடிப் பிடிப்பதும் பாடு.

இனி ஃபிளேர். ஃபைபரா தகடா என்ற கேள்வியைத் தீர்ப்பது அழகோ விலையோ இல்லை, துரு.

இந்த வண்டியின் முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்கிறது, கழற்றி வைத்துவிடலாம். பின் பேனல் அப்படியில்லை, உடம்போடு வெல்டிங். வெளித்தகடும் உள் வீல்ஹவுஸ் தகடும் ஆர்ச் விளிம்பில் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஸ்பாட் வெல்டுகளுக்கு நடுவில் மண்ணும் ஈரமும் புகுந்து துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். எந்த ஃபிளேர் போட்டாலும் அந்த இணைப்பை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியதும் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஒரு சந்து வாயைத் திறக்கும். உள்தகட்டைப் பட்டை பட்டையாகக் கீறி, ஒவ்வொன்றையும் வெளிப்பக்கம் மடக்கி, வெளித்தகட்டோடு வெல்டிங் வைத்து, ப்ரைமர் அடித்து, அதன் மேல் சீலர் இழுக்க வேண்டும். பல வண்டிகளில் வெல்டிங்கே இருக்காது, சீலரை மட்டும் அப்பி மூடியிருப்பார்கள். மேலே ஃபிளேர் வந்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற துணிச்சல்.

ஃபைபர் எனக்குப் பிடித்தது இதனால்தான். கழற்றிப் பார்க்கலாம். டொராண்டோ பக்கம் குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு. அந்த மாதங்களில் வண்டி ஷெட்டை விட்டு நகராது. ஆனாலும் பனி உருகிய பிறகு சந்து பொந்தில் தங்கியிருக்கும் உப்புத்தூளை டயர் வாரி அடிக்கும். ஷெட்டில் ஏற்றுவதற்கு முன் பின் ஃபிளேர் இரண்டையும் கழற்றி, ஃபிளேருக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் பட்டைக்குப் பின்னால் சேர்ந்த மண்ணைக் கழுவி, போல்ட் துளைகளின் ஓரத்தைப் பார்த்து, பெயின்ட் உரிந்த இடத்தில் ப்ரைமர் தொட்டுவிடுகிறேன். ஒவ்வொரு துளையும் துரு தொடங்கக்கூடிய இடம் என்பது உண்மை. ஆனால் கண்ணில் படும் இடம்.

தகட்டு ஃபிளேர், நல்ல டிங்கர் கையில் பட்டால், ஃபைபரை விட அழகு. போல்ட் தலை தெரியாது, கோடு உடம்போடு ஓடிவிடும். ஆனால் வெல்டிங்கின் மேல் பட்டி வைத்துத் தேய்த்து மட்டம் செய்தாக வேண்டும். பின்னால் மூடிய குழி ஒன்று நின்றுவிடும். அதற்குள் மெழுகு அடித்தால் காக்கும் என்கிறார்கள், காக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பது பெயின்ட் கொப்புளம் விடும்போதுதான் தெரியவரும். ஒரு கல் பட்டு நசுங்கினாலும் பேனல் முழுக்கப் பெயின்ட் வேலை. ஃபைபர் விரிசல் விட்டால் ஒரு துண்டை மட்டும் மாற்றினால் முடிந்தது. போல்ட்டை மட்டும் அளவோடு முடுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் தலையைச் சுற்றி மேல்பூச்சு நட்சத்திரமாக வெடிக்கும்.

இன்னொன்று, ஃபைபர் ஃபிளேருக்கு வம்சம் உண்டு. 1971 கடைசியில் நிஸான் ஜப்பானில் விட்ட ஃபேர்லேடி 240இசட்ஜி, நீண்ட மூக்கோடும் தனியாகப் பொருத்திய ஃபிளேரோடும்தான் வந்தது. குரூப் 4 என்ற ரேஸ் பிரிவில் ஓட்டும் அனுமதிக்காகப் பிறந்த மாடல் அது. இன்று விற்கும் ஃபிளேர்கள் பெரும்பாலும் அதன் பிரதிகள். அதனால் வாங்க வருபவருக்கும் அந்த வடிவம் அந்நியமாகத் தெரியாது.

விற்பனை மதிப்பு என்று பார்த்தால், வெட்டிய பின் பேனல் எந்த வழியிலும் விலையைக் குறைக்கும். 2020-ல் அமெரிக்க ஏலத்தில் ஒரு 1971 வண்டி 3,10,000 டாலருக்குப் போனது. அது அச்சு அசல் வண்டி. துரு இல்லாத அசல் பேனல் கையில் இருப்பவர் அதில் கத்தி வைக்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்பேன். என் வண்டியில் காப்பாற்ற அசல் ஆர்ச் மிச்சமில்லை. முன் ஃபெண்டர் மட்டும் அசல், அதை வெட்டவில்லை. வேறு ஜோடி வாங்கி அதில்தான் ஃபிளேர் மாட்டினேன்.

ஸ்டியரிங் மாறும். வீல் வெளியே தள்ளியதால் பவர் இல்லாத ஸ்டியரிங் பார்க்கிங்கில் கனக்கிறது, பள்ளத்தில் விழும்போது கையை உதைக்கிறது. பேரிங் மேலும் சுமை கூடுகிறது. எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று சொல்லும் அளவுக்கு நான் இன்னும் ஓட்டவில்லை. ரேஸ் டிராக் அனுபவமும் எனக்குக் குறைவு. நான் சொல்வதெல்லாம் சாலையில் ஓட்டியதை வைத்து.

வெட்டும் கோட்டை மட்டும் ஃபிளேரை வைத்து வரையாதீர்கள். ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு, போடப்போகும் அதே வீலையும் டயரையும் மாட்டி, ஜாக்கியால் கடைசி வரை மேலே தூக்குங்கள். முன்பக்கம் அந்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். பம்பருக்குக் கீழ் மூலையிலும் ஃபெண்டரின் பின் அடியிலும்தான் டயர் தட்டும். டயர் தொட்ட இடத்திலிருந்து ஒரு விரற்கடை விட்டு அங்கே கோடு போடுங்கள்.