கொரிந்தும் ரோமும்: சபை முளைத்த இரண்டு வழிகள்

கிரேக்க நகரமான கொரிந்தில் இருந்த ஆதிக் கிறிஸ்தவ சபைக்குத் தொடக்கம் தெரியும். இயேசுவின் செய்தியைப் பரப்பிய அப்போஸ்தலர் பவுல் வந்தார், ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற யூதத் தம்பதியின் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார், ஓய்வுநாளில் யூதர்களின் ஜெப ஆலயத்தில் பேசினார். ஒன்றரை வருஷம். அவரை எதிர்த்த யூதர்கள் ரோம ஆளுநர் கல்லியோ முன் அவரை இழுத்துப்போனார்கள். கிரேக்கத்தின் டெல்பியில் கிடைத்த கல்வெட்டில் அதே கல்லியோவின் பெயர் இருப்பதால், இது கி.பி. 51 வாக்கில் நடந்தது என்று கணிக்கிறார்கள்.

ரோம் அப்படியில்லை. பவுல் கி.பி. 57 வாக்கில் ரோமருக்குக் கடிதம் எழுதும்போதே அங்கே சபை இருந்தது. அவரோ அதுவரை அந்த ஊரை மிதித்ததே இல்லை. அப்புறம் யார் தொடங்கினார்கள்? வியாபாரிகள், அடிமைகள், யூதக் குடும்பங்கள் என்று பெயர் பதிவாகாதவர்கள்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். கடிதத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள்: இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். ரூப்பு என்பவரின் தாயை ‘எனக்கும் தாய்’ என்கிறார் பவுல். அந்த ஒரு வரி எனக்கு எத்தனையோ பிரசங்கங்களைவிடப் பெரிது.

கொரிந்து வழிக்கு வேகம் அதிகம். ஆனால் பவுல் கிளம்பியதும் கட்சி பிரிந்து சண்டை. என் மனம் ரோம் வழியின் பக்கம்தான். ரோமப் பேரரசர் கிலவுதியு யூதர்களைத் துரத்தியதால் ரோமிலிருந்து கொரிந்துக்கு வந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் திரும்பிப்போய், ரோமில் தங்கள் வீட்டிலேயே சபை கூட இடம் கொடுத்தார்கள்.