டவுனா, சிந்தெடிக்கா: பைக்கில் கட்ட எந்த ஸ்லீப்பிங் பேக்?

மணாலி–லே சாலையில் கூடாரம் போட்டுத் தூங்கத் திட்டமிடுகிறவர்கள் பலரும் இதில்தான் குழம்புகிறார்கள்.

இடம்: டவுன், அதாவது வாத்து இறகின் மென்பஞ்சு, அழுத்தினால் நன்றாகச் சுருங்கி சேடில் பேக்கின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அதே கதகதப்புக்கு சிந்தெடிக், அதாவது செயற்கை இழை அடைத்த பை, பெரிதாகவும் கனமாகவும் இருக்கும், சைக்கிளில் போகிறவர்களுக்கு ஏற்றத்தில் அந்த எடை நன்றாகவே தெரியும்.

ஈரம்: டவுன் நனைந்தால் கட்டிகட்டியாகிவிடும், சூடு நிற்காது. சிந்தெடிக் நனைந்தாலும் ஓரளவு காக்கும், சீக்கிரம் காயும்.

விலை: சிந்தெடிக்தான் மலிவு.

உழைப்பு: டவுன் பல வருடம் வரும், ஆனால் வீட்டில் அழுத்திக் கட்டி வைக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வைக்க வேண்டும். சிந்தெடிக் இழைகள் அழுத்த அழுத்த உப்பலை இழக்கும்.

மணாலி–லே சாலையில் வரும் சார்ச்சு சுமார் 4,300 மீட்டர் உயரம், ஆகஸ்டிலும் இரவு நடுக்கிவிடும், ஆனால் மழை குறைந்த வறண்ட பகுதி. அங்கே டவுன்தான், தண்ணீர் புகாத பையில் போட்டு. மழைக்காலத்தில் வயநாடு, கூர்க் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சிந்தெடிக். அப்புறம், எதை வாங்கினாலும் அதில் எழுதியிருக்கும் 'கம்ஃபர்ட்' வெப்பநிலையை, அதாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிரின் அளவைப் பாருங்கள், சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவான 'லிமிட்'டை நம்பி வாங்காதீர்கள்.