குறைமாதக் குழந்தைக்கான தொடக்கநிலைச் சிகிச்சை: புதுச்சேரி மையம் ஒன்றில் எங்கள் அனுபவம்

என் தம்பி மனைவிக்குப் பத்தொன்பது வயது. 31 வாரத்தில், 1,400 கிராம் எடையோடு பிறந்த அவளுடைய குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த நாள் முதல், பாகூரிலிருந்து வாரம் ஒருமுறை பேருந்தில் புதுச்சேரிக்குச் சென்று, குழந்தைகளின் தொடக்கநிலை வளர்ச்சிக்கான தனியார் சிகிச்சை மையம் ஒன்றில் காட்டிவருகிறோம்.

முதல் நாள் பிசியோதெரபிஸ்ட் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வழக்கம்போல என் அம்மாவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “பாட்டிம்மா, நீங்க கொஞ்சம் இருங்க, குழந்தையோட அம்மா சொல்லட்டும்” என்று அவர் சொன்ன பிறகுதான், மூலையில் பையைப் பிடித்தபடி நின்ற பெண் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பாலாடையில் எவ்வளவு குடிக்கிறது, எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குகிறது, குளிப்பாட்டும்போது கால் விறைக்கிறதா என, அவளுக்கு மட்டுமே தெரிந்தவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. என்னைக் கேட்டால், கொடுத்த கட்டணம் இதற்கே தகும்.

டிஸ்சார்ஜ் தாளில் அவர் முதலில் தேடியது விழித்திரைப் பரிசோதனைக் குறிப்பைத்தான்; 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு அதை நான்கு வாரத்துக்குள் செய்திருக்க வேண்டுமாம். செவித்திறன் பரிசோதனையையும் விசாரித்தார்.

ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லையே என்று தெருவில் கேட்காதவர் இல்லை. ஒன்பது வாரம் முந்திப் பிறந்ததைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியை அளக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் இன்னும் மூன்று மாதம்கூட நிறையவில்லை என்று பிசியோதெரபிஸ்ட் காலண்டரில் விரல் வைத்து எண்ணிக் காட்டினார். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. பிறகு, சுருட்டிய துண்டை மார்புக்கு அடியில் வைத்துக் குழந்தையைக் குப்புறப் படுக்கவிட்டு, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பேசச் சொன்னார். எங்கள் எதிரில் பேச அவளுக்கு வெட்கம். ஆனாலும் அடுத்தடுத்த வாரங்களில், அவள் குரலுக்குக் குழந்தை தலையைத் தூக்க முயல்வதை நானே பார்த்தேன்.

குறைகளும் உண்டு. பத்து மணிக்கு டோக்கன் வாங்கினாலும் உள்ளே அழைக்கப் பன்னிரண்டாகிவிடுகிறது. பாலூட்டத் தனி இடமில்லாததால் படிக்கட்டின் மறைவில்தான் உட்கார வேண்டும். ஒரு தடவைக்கு 400 ரூபாய், பேருந்துச் செலவு தனி. முடியாதவர்கள், 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் அரசு மையங்களில் இதே வகைச் சிகிச்சையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

எனக்குப் பெரிய வருத்தம், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை முழுக்க ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொடுப்பதுதான். பிளஸ் டூ படித்த அவள், தம்பியிடம் கேட்டுக் கேட்டு அதைத் தமிழில் எழுதி, படமும் வரைந்து தூளிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பிசியோதெரபிஸ்ட் அதைப் பாராட்டி நகல் எடுத்துக்கொண்டார். அங்கே கொடுக்கும் தாள் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.