நூல் சிக்காத விரல்: பெட்ரோலியம் ஜெல்லி, ஒரு பனிக்கால அனுபவம்

11 வருடமாக ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்ப்ராய்டரி, செய்கிறேன். ஈரோட்டில் வீட்டு முன் அறைதான் கடை. இந்த வேலையில் வலது கை ஊசி துணிக்கு மேலே ஓடும். பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். இடது கை துணிக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலைப் பிடித்து ஊசிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். பனிக்காலத்தில் எனக்குத் தோல் அதிகம் வெடித்தது அந்தக் கையில்தான்.

போன மார்கழியில், தை முகூர்த்தத்துக்காக 9 ப்ளவுஸ் கையில் இருந்தன. மயில்கழுத்து நிற ரா சில்க்கில் கழுத்தோரம் சங்கிலித் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டு நூல் பார்க்க ஒன்றாகத் தெரியும். உள்ளே மெல்லிய புரிகள் பல. கட்டைவிரல் நுனி வெடிப்பில் அதில் ஒரு புரி மாட்டிக்கொண்டது. ஊசி மேலே வந்தபோது பாதி நூல்தான் வளையமாக வந்தது, மீதி அடியில் பஞ்சாக நின்றுவிட்டது. பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். நாலு தையல் தாண்டவில்லை, திரும்பவும் அதே கதை. அன்று ஒரு கழுத்தை மூன்று தடவை பிரித்தேன். ரா சில்க்கில் திரும்பத் திரும்பப் பிரித்தால் ஊசி போன துளை தெரியும். அழுகையே வந்துவிட்டது.

அத்தை தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். "கண்ணு, கைய இப்புடி வெச்சுக்கிட்டு எப்புடித்தான் நூலப் புடிக்கறே?"

எண்ணெய் தடவினால் அரை மணி நேரம் இதமாக இருந்தது, அப்புறம் பழையபடி காய்ந்துவிட்டது. மஞ்சள் வைக்கச் சொன்னார்கள்; பட்டில் மஞ்சள் பட்டால் யார் பதில் சொல்வது? மெழுகை எண்ணெயில் உருக்கிப் பூசியது குதிகாலுக்குச் சரிப்பட்டது, விரலுக்கு ஆகவில்லை. அழகான பாட்டிலில் வாசனையாக ஒரு கிரீம் வாங்கினேன். வெடிப்புக்குள் போனதும் சுரீரென்று எரிந்தது.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். கையைப் பார்ப்பதற்கு முன்னால், காலையிலிருந்து இரவு வரை இந்தக் கை என்னென்ன செய்கிறது என்று கேட்டார். இரண்டு வேளை பாத்திரம் தேய்ப்பதைச் சொன்னேன். டிசைன் இறக்குவதையும் சொன்னேன்: துளை போட்ட பட்டர் பேப்பரைத் துணிமேல் வைத்து, ட்ரேஸிங் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்ப்போம். வெறுங்கையால்தான். வாசம் போக அப்புறம் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவேன். அவர் அங்கேயே நிறுத்தினார். தோலுக்கென்று இருக்கிற எண்ணெய்ப் பசையை மண்ணெண்ணெய் கரைத்துவிடுகிறது, மிச்சத்தைச் சோப்பு கொண்டுபோகிறது, அப்புறம் தோலில் தண்ணீர் தங்காது என்றார். எனக்கு இத்தனை வருடம் இதைச் சொல்ல ஆளில்லை.

அவர் எழுதிக் கொடுத்தது இரண்டு. மணமில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி ஒன்று. 10 சதவீதம் யூரியா உள்ள கிரீம் இன்னொன்று. வெடிப்பு மூடும்வரை யூரியாவைத் தொடாதே, எரியும் என்று தனியாகச் சொன்னார்.

எந்தக் கம்பெனி ஜெல்லியாக இருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வாஸலின்தான். அது எப்படி வந்தது என்று படித்தபோது மனதுக்கு நெருக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் ஊரில் 1859இல் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். பம்புக் கம்பிகளில் மெழுகு மாதிரி ஒன்று படிந்து வேலையைக் கெடுத்தது. ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் அதையே வழித்துத் தங்கள் வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் பூசிக்கொண்டார்கள். ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளம் வேதியியலாளர் அதைக் கவனித்து, சுத்தப்படுத்தி, 1872இல் வாஸலின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். கையால் உழைக்கிறவர்கள் கண்டெடுத்த மருந்து இது. என் கையைக் காயவைத்த மண்ணெண்ணெயும் அதே கச்சா எண்ணெயிலிருந்து பிரிவதுதான் என்று நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

இதைப் பூசும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஜெல்லியில் தண்ணீர் கிடையாது. இருக்கிற ஈரத்தை வெளியே போகவிடாமல் மூடும், அவ்வளவுதான். காய்ந்த கையில் தடவினால் காலிப் பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. நான் முன்பு அப்படித்தான் தடவிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தூக்கிப் போட்டிருக்கிறேன். இப்போது கடைசிப் பாத்திரம் கழுவியதும் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் வைப்பேன். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே, அதாவது 3 நிமிடத்துக்குள், மொச்சைக்கொட்டை அளவு எடுத்து வெடிப்புக்குள் இறங்கும்படி அழுத்தித் தடவுவேன். மேலே பருத்திக் கையுறை. மாமாவின் பழைய வேட்டியில் நானே தைத்தது. பழைய காலுறையும் போதும்.

நாலாம் நாள் எலுமிச்சை பிழியும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது, எரியவில்லை. 2 வாரத்தில் வெடிப்பு மூடிவிட்டது. ஆனால் ஓரத்தில் காய்த்துப்போன தோல் அப்படியே இருந்தது, நூல் அதிலும் மாட்டியது. ஜெல்லியால் அதைக் கரைக்க முடியாது. அங்கேதான் யூரியா கிரீம் கைகொடுத்தது: முதலில் அது, அது ஊறியதும் மேலே ஜெல்லி. ஒரு மாதத்தில் விரல் நுனி மழமழவென்று ஆகிவிட்டது.

குறையும் உண்டு. பிசுபிசுப்பு அதிகம். தடவிய விரலால் போனைத் தொட முடியாது. எங்கள் மாதிரி பட்டு வேலைக்குப் பகலில் இது ஆகவே ஆகாது. ஒரு நாள் காலை கையைச் சரியாகக் கழுவாமல் உட்கார்ந்து, ஒரு ப்ளவுஸின் கைப்பகுதித் துணியில் எண்ணெய்க் கறை ஏற்றிவிட்டேன். முகப் பவுடரைக் கொட்டி இரவு முழுக்க வைத்துத் தட்டியபோது கறை போனது. அதுவரை எனக்குத் தூக்கமில்லை. பகலில் கை கழுவிய பிறகு கிளிசரின் சேர்ந்த லோஷன் ஒரு சொட்டுதான். அது தோலில் ஊறட்டும் என்று 10 நிமிடம் விட்டு, துணியை இழுத்துக் கட்டித் தைக்கிற ஸ்டாண்டில் கட்டி வைத்திருக்கிற சாட்டின் துண்டில் விரலை உரசிப் பார்ப்பேன். இழுக்கவும் கூடாது, கறை படவும் கூடாது. அப்புறம்தான் ஊசியைத் தொடுவேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் வெறுங்கையால் மண்ணெண்ணெயும் சோப்பும், இரவில் ஜெல்லி என்று இருந்தால் எந்த டப்பாவும் உதவாது. இப்போது டிசைன் இறக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ரப்பர் கையுறை போடுகிறேன். வியர்வை ஊறாமலிருக்க உள்ளே ஒரு பருத்திக் கையுறை. அரிப்பு, சிவப்பு, நீர்க் கொப்புளம் இருந்தால் ஜெல்லியைத் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெடிப்பைச் சாதாரணமாக விடவே கூடாது.

வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள்; வாசனை, நிறம் சேர்க்காததாகப் பாருங்கள். ஈர விரலை உள்ளே விடாமல் ஐஸ்கிரீம் கரண்டியால் வழித்து எடுக்கிறேன். விலை, ஒரு ப்ளவுஸ் கழுத்துக்குக் கல் வாங்குகிற காசுகூட வராது. 5க்கு நாலரை கொடுப்பேன், பிசுபிசுப்புக்காக அரை மதிப்பெண் கழித்து.

இந்த மார்கழிக்கு டப்பா சமையலறை ஜன்னல் மேடையில் இருக்கிறது, கையுறை அதன் மேலேயே. ஸ்டாண்ட் இருக்கிற அறைக்குள் மட்டும் அதை விடுவதில்லை.