ரேம் தீரப்போகுதுன்னு ஒழுங்கா சொல்ற ஓஎஸ் எது? மார்க் போட்டாச்சு

ரேமுக்கு நெருக்கடி வந்தா ஓஎஸ் நம்ம ஆப்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், நாம கேஷை (வேகத்துக்காக ரேம்ல சேத்து வெச்ச டேட்டாவை) காலி பண்ண கொஞ்சம் டைம் கிடைக்கணும், இந்த சர்வீஸோட வேலையே அவ்ளோதான். எத்தனை லெவல், ஏபிஐ அழகா இருக்கா இதுக்கெல்லாம் நான் மார்க் போடல. சொல்றதுக்கும் ஆப்பை போட்டுத்தள்றதுக்கும் நடுவுல எவ்ளோ கேப் தர்றாங்க, அதான் கணக்கு.

விண்டோஸை சீக்கிரம் முடிச்சிடுவோம். கிரியேட்மெமரிரிசோர்ஸ்நோட்டிஃபிகேஷன்னு மூச்சு முட்டுற பேர்ல ஒரு ஃபங்ஷன், எக்ஸ்பி காலத்துலேர்ந்து இருக்கு. லோ, ஹைன்னு ரெண்டே நிலை. 4 ஜிபி ரேமுக்கு சுமார் 32 எம்பி மிச்சம், அதிகபட்சம் 64 எம்பி, அதுக்கு கீழ இறங்கினாதான் டீஃபால்ட்டா லோ சிக்னல் அடிக்கும். 16 ஜிபி மெஷின்ல 64 எம்பி மிச்சம் இருக்கும்போது சொல்லி என்ன பிரயோஜனம், தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன முழம் என்ன. 5க்கு 2.

மேக் நல்லா இருக்கு. ஆப்புக்கு சேதி சொல்ற டிஸ்பாட்ச் சோர்ஸ்ல நார்மல், வார்ன், கிரிட்டிக்கல்னு மூணு. நெருக்கடி தீர்ந்ததும் நார்மல்னு திரும்ப சொல்றாங்க பாருங்க, அதான் எனக்கு ரொம்ப புடிச்சது, கேஷை மறுபடி எப்போ வளர விடலாம்னு யோசிக்க வேண்டியதில்ல. 5க்கு 4. ஐஓஎஸ்ல அரை மார்க் குறைப்பேன், ஏன்னா அங்க மெமரி வார்னிங் மெயின் த்ரெட் வழியா வருது, மெயின் த்ரெட் பெரிய இமேஜ் ஒண்ணை டீகோட் பண்ணிட்டு பிசியா இருந்தா வார்னிங் க்யூலயே நிக்கும், அதுக்குள்ள மெமரிக்காக ஆப்பை கொல்ற ஜெட்சம் வந்து கதையை முடிச்சிடும். ஐஓஎஸ் 13லேர்ந்து இன்னும் எவ்ளோ மெமரி எடுக்கலாம்னு நாமளே கேக்க ஒரு ஃபங்ஷன் இருக்கு, பெருசா ஏதாச்சும் லோட் பண்றதுக்கு முன்னாடி அதைக் கேட்டுக்கிறது உத்தமம்.

ஆண்ட்ராய்டு தான் எனக்கு கடுப்பு. மெமரியை குறைன்னு ஆப்கிட்ட சொல்ற ஆன்ட்ரிம்மெமரி 4.0லயே வந்துடுச்சு, 5லேர்ந்து 80 வரைக்கும் ஏழு லெவல், ஆனா அந்த நம்பர் வரிசைல சீரியஸ்னஸ் ஏறாது. ஆப் ஓடிட்டு இருக்கும்போது வர்ற ரன்னிங் கிரிட்டிக்கல் 15, ஆப் ஸ்க்ரீன்லேர்ந்து சும்மா மறைஞ்சா வர்ற யூஐ ஹிட்டன் 20! நம்பர் பெருசுன்னா ஆபத்து பெருசுன்னு கோட் எழுதினா எல்லாம் தலைகீழ். ஆண்ட்ராய்டு 14லேர்ந்து யூஐ ஹிட்டன், பேக்ரவுண்ட் இந்த ரெண்டு தவிர மத்த லெவல் எதுவும் ஆப்புக்கு வர்றதே இல்ல. ஆனா மெமரி பத்தலன்னா ஆப்பை கொல்ற, உள்ள இருக்கிற எல்எம்கேடி மட்டும் ஆண்ட்ராய்டு 10லேர்ந்து கெர்னலோட அருமையான சிக்னலை கேட்டு யாரை கொல்லலாம்னு முடிவு பண்ணுது. கொல்றவனுக்கு நல்ல தகவல், சாகறவனுக்கு ஒண்ணும் கிடையாது. 5க்கு 1.5.

அந்த சிக்னல்தான் லினக்ஸோட பிஎஸ்ஐ, 2018ல 4.20 கெர்னல்ல வந்தது. மத்தவங்க பொதுவா எவ்ளோ மெமரி மிச்சம்னு பாக்குறாங்க, லினக்ஸ்ல படிச்ச ஃபைலை ரேம்ல வெச்சுக்கிற பேஜ் கேஷ் எல்லாத்தையும் ரொப்பிடும், ஃப்ரீ மெமரி நம்பரை பாத்து ஒண்ணும் புரியாது. இது அதை விட்டுட்டு, மெமரிக்காக காத்து நின்னு வேலை எவ்ளோ நேரம் முடங்குச்சுன்னு அளக்குது. ஒரு டாஸ்க்காவது நின்னா சம் (some), ஒண்ணு விடாம எல்லாம் நின்னா ஃபுல். 5.2லேர்ந்து ட்ரிக்கரும் வெக்கலாம், ஒரு செகண்ட்ல 150 மில்லிசெகண்ட் முடங்கினா எழுப்புன்னு ஃபைல்ல ஒரு வரி எழுதிட்டு போல் (poll) பண்ணி காத்திருந்தா போதும், ப்ராசஸ்களை குழுவா பிரிக்கிற சிகுரூப் 2 இருந்தா கண்டெய்னருக்கு தனித்தனியாவே கிடைக்கும். குறை என்னன்னா வயரிங் எல்லாம் நம்ம தலைல, இதை கேக்குறது பெரும்பாலும் சிஸ்டம்டி ஊம்டி மாதிரி கொலைகாரங்கதான், சாதாரண டெஸ்க்டாப் ஆப் பெரும்பாலும் திரும்பிக்கூட பாக்கல. இருந்தாலும் 5க்கு 4.5.

இந்த சிக்னலை வாங்கி ஆப்ல யூஸ் பண்றவங்களுக்கு ஒண்ணு: சிக்னல் வந்ததும் கேஷ் முழுக்க சுத்தி பழசை தேடாதீங்க, அதுல பாதி ஸ்வாப்புக்கு (ரேமுக்கு வெளிய ஒதுக்கி வெக்கிற இடத்துக்கு) போயிருக்கும், தொட்டா அத்தனையும் திரும்ப ரேமுக்குள்ள வரும், நெருக்கடி இன்னும் ஏறும். மொத்தமா ஒரே பிளாக்கா விடுற மாதிரி கேஷை கட்டுங்க, ட்ரிக்கரையும் கொஞ்சம் முன்னாடியே வைங்க, எல்எம்கேடியே சாதா ஃபோன்ல சம்முக்கு 70 மில்லிசெகண்ட் தான் டீஃபால்ட்டா வெச்சிருக்கு.