நெல்லித்தோப்பு ஆடிட்டர் ஆபீஸா, கடலூர் சிப்காட் கம்பெனியா?

ஏப்ரல் வந்தால் ஜூனியர் பிள்ளைகளிடமிருந்து ஒரே கேள்விதான். "அக்கா, கம்பெனி டாக்ஸ் கத்துக்கணும்னா ஆடிட்டர் ஆபீஸுக்குப் போறதா, கம்பெனிக்கே போறதா?" பி.காம். படிக்கும்போது நான் இரண்டுக்கும் போயிருக்கிறேன். 2024 கோடையில் புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், 2025 கோடையில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியின் வரிப் பிரிவு. தலா ஆறு வாரம். சென்னையில் பெரிய இடம் கிடைத்தால் போய்விடுங்கள், யோசிக்கவே வேண்டாம். காசு கட்டி வாங்கும் ஆன்லைன் இன்டர்ன்ஷிப் சான்றிதழை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆபீஸில் போன அரை மணி நேரத்தில் வேலை கொடுத்துவிட்டார்கள். நீள மேஜை, இரண்டு பக்கமும் ஆட்கள், ஒரு மஞ்சப்பை நிறைய பில்கள். "இந்தா, லெட்ஜரோட ஒத்துப்பாத்து டிக் அடி." கம்பெனியில் முதல் நாள் முழுக்கப் பாதுகாப்பு வகுப்பு, ஹெல்மெட் போடுவது, சைரன் ஒலித்தால் எங்கே ஓடுவது. கம்ப்யூட்டருக்கு லாகின் வர நான்கு நாள் ஆனது. அதுவரை சும்மா இருக்க வேண்டாமென்று மேனேஜர் சார் போன வருட வரித் தணிக்கை அறிக்கையைக் கையில் கொடுத்தார். 3சிடி படிவம், மொத்தம் 44 கூறுகள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த நான்கு நாள் படிப்புதான் கல்லூரிப் பாடத்தையே எனக்குப் புரியவைத்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன ஆடிட்டர் ஆபீஸில் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கம்பெனி வரி இருக்காது. ஹார்டுவேர் கடை, ஜவுளிக்கடை, மெடிக்கல்ஸ், நடுவில் பிரெஞ்சுத் தாள்களைத் தூக்கிக்கொண்டு வரும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்த) தாத்தா என்று கலந்துதான் வரும். பிரைவேட் லிமிடெட் கோப்புகள் ஒரு அலமாரித் தட்டுக்குள் அடங்கிவிட்டன. ஆனால் மே மாதத்தில் அந்த ஒரு தட்டுதான் ஆபீஸையே ஆட்டிவைத்தது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான டி.டி.எஸ். (காசு கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) ரிட்டர்னுக்குக் கடைசி நாள் மே 31. தாண்டினால் நாளுக்கு 200 ரூபாய்.

அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியின் 26கியூ, அதாவது அந்த ரிட்டர்ன் படிவம், என்னிடம் வந்தது. பெயிண்டிங் கான்ட்ராக்டருக்கு 3,40,000 ரூபாய் பில், 1% பிடித்தம். கூட்டல் சரி, சலான் சரி. முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா திரையை எட்டிப் பார்த்து, "பான் நம்பர்ல நாலாவது எழுத்து என்ன?" என்றார்.

"எஃப்."

"பி இருந்தா தனி ஆள், எச் இருந்தா கூட்டுக்குடும்பம், எஃப் இருந்தா பார்ட்னர்ஷிப், சி இருந்தா கம்பெனி. காண்ட்ராக்டுக்கு பி-க்கும் எச்சுக்கும்தான் 1%. மத்தவங்களுக்கு 2%. 3,400 ரூபாய் கம்மியா பிடிச்சிருக்காங்க, மாசா மாசம் வட்டி வேற ஓடும்."

பத்து எழுத்துள்ள ஒரு எண்ணில் ஒரு எழுத்து. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதை யாரும் எனக்கு அடிக்கோடிட்டுக் காட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கோப்பில் இருந்த எல்லா பான் எண்ணையும் பார்த்து இன்னும் மூன்று பிழை பிடித்தேன். இன்றுவரை யாராவது பான் கார்டை நீட்டினால் என் கண் நாலாவது எழுத்துக்குத்தான் போகிறது.

கம்பெனியில் இப்படி வேகமாக எதுவும் நடக்காது. ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே எண்: இந்த வருடம் எவ்வளவு வரி. அந்த ஓர் எண்ணுக்காக ஆறு வாரமும் ஓடிக்கொண்டிருந்தோம். எனக்குக் கொடுத்தது தேய்மானப் பட்டியல். கம்பெனிச் சட்டப்படி ஒரு தேய்மானம், வருமானவரிப்படி இன்னொன்று என்று பரீட்சையில் எழுதியிருப்போம். இரண்டும் அருகருகே எக்செல்லில் ஓடும்போதுதான் இடைவெளி கண்ணில் படுகிறது. சிப்காட்டுக்கு ஒரு புது பம்ப் தொகுதி வந்திருந்தது, 40 லட்சம். பில் தேதி 2024 செப்டம்பர் 20. நான் முழு 15% போட்டு 6 லட்சம் கழித்துவிட்டேன். மேனேஜர் சார் கேட்டார், "பில் தேதி எனக்கெதுக்கு? மெஷின் என்னைக்கு ஓட ஆரம்பிச்சது?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பிளான்ட்டுக்கு நடந்தேன். மெயின்டனன்ஸில் இருந்த அண்ணன் கிரீஸ் படிந்த ஒரு நீள நோட்டை எடுத்துத் தூசி தட்டிப் புரட்டினார். அக்டோபர் 9 என்று நீல மையில் எழுதியிருந்தது. அதுதான் ஓட ஆரம்பித்த நாள். அந்த வருடம் அக்டோபர் 3-க்குள் ஓடியிருந்தால் மார்ச் 31-க்குள் 180 நாள் நிறைந்திருக்கும்; அதற்குப் பிறகென்றால் பாதித் தேய்மானம்தான். ஆறு நாள் தாமதத்தில் 6 லட்சம் 3 லட்சமாகிவிட்டது. வரியில் 75,504 ரூபாய் வித்தியாசம். மீதி 3 லட்சம் காணாமல் போய்விடாது, அடுத்தடுத்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். இருந்தாலும் அந்த நோட்டை நான் போட்டோ எடுத்து அனுப்பியபோது சார் சொன்னது, "இதான் டாக்ஸ். ஆபீஸ்ல உக்காந்தா பாதிதான் தெரியும்."

75,504 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 2019-இல் வந்த 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்த கம்பெனி அது. 22% வரி, அதன்மேல் 10% சர்சார்ஜ், அதற்கும்மேல் 4% செஸ், ஆக 25.168%. பல சலுகைகளை விட்டுக்கொடுத்தால்தான் இந்த விகிதம். ஒருமுறை போனால் திரும்பி வர முடியாது. சலுகை என்றதும் நெல்லித்தோப்பு ஆபீஸின் பரண்தான் எனக்கு ஞாபகம் வரும். அங்கே பழைய கோப்புகளில் 80ஐபி, 80ஐபி என்றே இருக்கும். தொண்ணூறுகளில் புதுச்சேரி வருமானவரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில், தொழிலில் பின்தங்கிய பகுதியாக இருந்தது. இங்கே ஆலை வைத்தால் முதல் 5 ஆண்டு லாபத்துக்கு வரியே இல்லை. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வரும் கடலூர் அந்த அட்டவணையில் இல்லை. புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டுப் பக்கம் அத்தனை ஷெட் ஏன் முளைத்தது என்பது எனக்கு அந்தப் பரணில்தான் புரிந்தது.

இரண்டு இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வருமானவரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு போல வேறொன்று கிடைக்காது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய காசை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் தர வேண்டும். தராவிட்டால் எந்த வருடம் தருகிறீர்களோ அந்த வருடம்தான் செலவாகக் கழிக்கலாம். 2024 மார்ச்சில் முடிந்த கணக்குதான் இதற்கு முதல் வருடம், அதனால் நான் போனபோது ஆபீஸ் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் உத்யம் (குறு, சிறு தொழில் பதிவு) சான்றிதழை நான்காய் மடித்துக் கொண்டுவந்தார். "இனிமே கம்பெனிக்காரன் 45 நாள்ல காசு குடுத்துருவானாம்மா?" உள்ளே இருந்து ஆடிட்டர் சார் குரல் கொடுத்தார், "சட்டம் உங்களுக்குக் காசு வாங்கித் தராதுங்க. குடுக்காதவங்க அந்த வருஷம் செலவைக் கழிக்க முடியாது, அவ்வளவுதான்." பெரியவர் சிரித்துவிட்டுச் சான்றிதழை மறுபடியும் மடித்தார்.

அடுத்த வருடம் நான் மேஜைக்கு அந்தப் பக்கம். சப்ளையர் பட்டியலை வைத்துக்கொண்டு யார் குறு, யார் சிறு, யார் வெறும் வியாபாரி என்று பிரித்தேன். நடுத்தர நிறுவனங்களும் வியாபாரிகளும் இதில் வரமாட்டார்கள். பர்ச்சேஸில் இருந்து ஒருவர் வந்து, "உத்யம் இல்லாதவங்களாப் பாத்து ஆர்டர் கொடுத்தா இந்தத் தலைவலி இல்லையே சார்?" என்றார். சார் பதில் சொல்லாமல் டீயைக் குடித்தார். எனக்கு அந்த மடித்த சான்றிதழ்தான் கண்ணில் நின்றது. ஒரு கோடை மட்டும் போயிருந்தால் இந்தப் பிரிவில் பாதிதான் தெரிந்திருக்கும்.

காசு விஷயம். ஆபீஸில் மாதச் சம்பளம் இல்லை. கடைசி நாள் ஒரு கவரில் 3,000 ரூபாய், தினமும் இரண்டு டீ, மே 31 ராத்திரி பரோட்டா. கம்பெனியில் மாதம் 5,000, மதியம் கேன்டீன் சாப்பாடு. திருப்பாதிரிப்புலியூரில் இருந்து சிப்காட்டுக்கு டவுன் பஸ்ஸில் பெண்களான எங்களுக்கு இலவசம். புதுச்சேரிக்கு எல்லை தாண்டுகிற பஸ், டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். மாதக் கடைசியில் எட்டு மணிக்குமேல் ஆனால் அம்மா போன்மேல் போன் போடுவார். கவர் காசில் பஸ்ஸுக்குப் போனது போக மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. சிப்காட்டில் மிச்சம் இருந்தது, மூக்கில் அந்த ஏரியாவின் வாடையும் இருந்தது.

சொல்லிக் கொடுப்பதில்? ஆபீஸில் தவறு செய்தால் உடனே திட்டு, உடனே பாடம். கம்பெனியில் திட்ட மாட்டார்கள். ஆனால் மெயிலுக்குப் பதில் வர ஒரு நாள் ஆகும். நானே போய் நின்று கேட்டால்தான் சொல்வார்கள். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு ஆபீஸ் மேஜைதான் நல்லது என்பது என் எண்ணம்.

சரி, எங்கே போவது? நான் சொல்வது பலருக்கு உல்டாவாகத் தெரியும். சி.ஏ. படிக்கப் போகிறவர்கள் கோடையில் கம்பெனிக்குப் போங்கள். ஆர்ட்டிகிள்ஷிப் என்ற சி.ஏ. பயிற்சியில் எப்படியும் இரண்டு வருடம் ஆடிட்டர் ஆபீஸ்தான். அந்த மேஜை எங்கேயும் ஓடிவிடாது. பிளான்ட்டில் கிரீஸ் நோட்டைப் புரட்டும் வாய்ப்பு அப்புறம் சுலபத்தில் வராது. பி.காம். முடித்து நேராக வேலைக்குப் போகிறவர்கள் ஆபீஸுக்குப் போங்கள். ஆறு வாரத்தில் டேலி, சலான், டி.டி.எஸ். எல்லாம் கைக்கு வந்துவிடும், இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.

இந்தக் கோடையில் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி, அல்லது அதிர்ஷ்டம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 194 வரிசையில் நாங்கள் மனப்பாடம் செய்த டி.டி.எஸ். பிரிவுகள் 393 என்ற ஒரே பிரிவுக்குள் போய்விட்டன. ஆனால் மார்ச்சில் முடிந்த கணக்குக்குப் பழைய சட்டம்தான். மே 31 ரிட்டர்ன் பழையது, ஜூன் 15-இல் கட்டும் முதல் 15% அட்வான்ஸ் டாக்ஸ் புதியது. ஒரே மேஜையில் இரண்டு சட்டப் புத்தகம்.

எந்த இடமானாலும் மே முதல் வாரத்திலேயே சேர்ந்துவிடுங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி கோயில் திருவிழா முடிந்து ஜூன் 16 போய்ச் சேர்ந்தாள். அவளுக்குக் கிடைத்தது ஜெராக்ஸ் மெஷின்தான்.